பிடிமண்

விளக்கு வைக்கும் நேரத்தில் மேற்கிலிருந்து விறகுப் புகை வந்தது. கூடவே சோளக்கஞ்சி கொதிக்கிற வாசனை. துணி எடுக்க வந்த மாயக்காள் கொடிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். மேற்கே வீடே கிடையாது. மஞ்சள் பெயிண்ட் அடித்த பிளாட் கற்களும், ஆள் உயரச் சீமைக்கருவேலும், அதற்கப்பால் மலையும்தான்.

பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், வயிறு குளிர்ந்தது. ‘வந்துருச்சு’ என்று நினைத்தாள்.

தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டோரத் தோட்டங்களை அழித்து பிளாட் போட்டபோது, அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ரோட்டு முகப்பு கொழுந்தனுக்கு விழுந்தது. கடைசி வரிசை மாயக்காளின் புருஷன் சீனிச்சாமிக்கு. அதற்குப் பிறகு ஊர் ரோட்டையே பிடித்துக்கொண்டு நீண்டது. ஓரகத்தி சந்தனம்மாள் வாசலில் மினிபஸ் நின்றது, செல்போன் கடை வந்தது, மாடி எழும்பியது. உள்பக்கம் ஒரு தெருவிளக்குகூட எட்டிப் பார்க்கவில்லை. சீனிச்சாமி வாரம் முழுக்கக் கேரளத்து ஏலத்தோட்டத்தில் கிடக்க, மாயக்காளும் மகள் சினேகாவும் முள்ளுக்காட்டில் ஒற்றை வீடாகக் கிடந்தார்கள். அந்த மாடியில் ட்யூப்லைட் எரியும்போதெல்லாம் இவளுக்கு இங்கே வயிறு எரிந்தது.

பிழைக்கப் போகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போய், போன இடத்தில் கோயில் எழுப்புவார்கள். மண் போன இடத்துக்குச் சாமியும் போகும். சாமியே போகும்போது ஊர் போகாதா? சந்தனம்மாள் வீட்டார் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்த பகலில், அவர்கள் பிளாட்டின் பின்மூலையில், எதுவும் கட்டாமல் விட்டிருந்த இடத்தில், மாயக்காள் ஒரு பிடி அள்ளினாள். முந்தானையில் முடிந்து வந்து தன் வீட்டுக்கு மேற்கே புதைத்தாள். “ஊரே, இங்கன வா” என்று வாய்விட்டே கூப்பிட்டாள்.

புகை வந்ததற்கு மறுநாள் ரோட்டுப் பக்கம் பால் வாங்கப் போனபோது சந்தனம்மாளே பேச்சை எடுத்தாள்.

“அக்கா, பின்மூலையில யாரோ மண்ணு அள்ளியிருக்காக. பாத்தீகளா?”

“மண்ணுல என்ன கெடக்கு?”

“கடகால் தோண்டயில கொத்தனாரு சொன்னாக. அந்தக் காலத்துல வாந்திபேதி வந்து, ஒரு ஊரையே அங்கனதான் அள்ளிப்போட்டு மூடுனாகளாம். பிள்ளைக ஒண்ணுகூட மிஞ்சலையாம். அதான் கட்டாம விட்டு வெளக்குப் போடுறேன். எடுத்தவுக திருப்பிப் போட்டுட்டா நல்லது.”

திருப்பிப் போட்டுவிடலாம் என்றுதான் மாயக்காள் கிளம்பினாள். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் மனம் வேறு கணக்குப் போட்டுவிட்டது. ஊர் என் பக்கம் நகர ஆரம்பித்தது எப்படியோ தெரிந்துவிட்டது சந்தனம்மாளுக்கு, பொறுக்கவில்லை, பூச்சாண்டி காட்டிப் பிடுங்கப் பார்க்கிறாள். இவள் ஒருத்திதான் வாழ வேண்டுமா? புதைத்த மண்ணை மாயக்காள் தொடவில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது. சந்தனம்மாள் மாடியும் இருண்டதில் மாயக்காளுக்கு ஓர் அற்பச் சந்தோஷம். மேற்கே உலக்கை விழுகிற சத்தமும், கிணறே இல்லாத இடத்தில் கிணற்று உருளை கிரீச்சிடுவதும், ஈரச் சாணமும் புகையும் கலந்த வாசனைக்கு அடியில் நாள்பட்ட வாந்தியின் புளிப்பும், நேற்றைவிட நெருங்கி வந்திருந்தன. கருவேலுக்குள் ஒரு விளக்கு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு விளக்குகள் பிளாட் பிளாட்டாக, வரிசை பிசகாமல், இவள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டே இருந்தன.

சினேகா பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். வாயோரம் கஞ்சி ஒட்டியிருந்தது.

“யாரு குடுத்தா ஆத்தா?”

“புது வீட்டு அத்தைக. அவுகளுக்குப் பிள்ளையே இல்லையாம்மா. என்னைய அங்கனயே இருந்துக்கிறியான்னு கேட்டாக.”

“நீ என்ன சொன்ன?”

“சரின்னேன்.”

மாயக்காள் வெளியே ஓடினாள். மண்ணை எடுக்க வேண்டும். இப்போதே. இருட்டில் குனிந்து தடவினாள். புதைத்த இடம் இல்லை. முள் இல்லை. கல் இல்லை. கைக்குத் தட்டுப்பட்டது வழித்து மெழுகிய வாசல். ஈரம் காயவில்லை.

“சினேகா.”

பின்வாசல் காலியாக இருந்தது.

உலக்கைச் சத்தம் நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். கூரை வீடுகள். எதிரே. இரு பக்கமும். தன் வீட்டுச் சுவரோடு சுவராக. எல்லா வாசலும் இவளைப் பார்த்து. வாசலுக்கு வாசல் பெண்கள், கண் குழிந்து, உதடு வெடித்து, குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒருத்தியின் மடியில் சினேகா. இன்னொருத்தி கஞ்சி நீட்ட, பிள்ளை வாயைத் திறந்தது. அத்தனை பேரும் மாயக்காளையே பார்த்தார்கள். ஓரத்திலிருந்தவள் மட்டும் மெல்ல நகர்ந்து, இவளுக்கும் உட்கார இடம் விட்டாள்.