ஏழாம் துளையின் பூட்டு

பிசியான்ஸ் ஓடைக்கு மேலே அந்தச் சோதனைக் களத்தை மறுபடி திறக்கிறார்கள் என்றதும், மின்வேலை பார்க்க நானும் தம்பி லீலண்டும் மீக்கர் ஊரிலிருந்து பிக்கப் வண்டியில் கிளம்பினோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. லீலண்ட் மான்கறி வற்றலைக் கடித்தபடி, நான் வண்டி ஓட்டும் லட்சணத்தை வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டு வந்தான்.

பாறைக்குள் ஆழமாகத் துளையிட்டு, மின்சார ஹீட்டரை இறக்கி, மாதக்கணக்கில் சுடவைத்தால் பாறை எண்ணெயைக் கக்கும். அதுதான் சோதனை. போன குளிர்காலத்தில் எங்களோடு வேலை பார்த்த வெண்டல் ஏழாம் துளையில் கருகிச் செத்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. துளைப் பக்கம் போகிறவன் தன் பூட்டை மெயின் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது தொங்கும்வரை சுவிட்சைப் போட முடியாது. மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். வெண்டல் பூட்டை மறந்து வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்து, மேற்பார்வையாளர் கோய்ல் அதைக் கட்டரால் வெட்டினார். வெண்டல் வீட்டுக்குப் போயிருக்கவில்லை.

அதே கோய்லைத்தான் மறுபடி அனுப்பியிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியத்துக்குள் கேபிள் வேலை முடிந்தது. நான் என் பூட்டைக் கழற்றினேன். லீலண்டும் கழற்றிக்கொண்டு காப்பி குடிக்க வண்டிக்குப் போனான். நான் கருவிகளை எடுத்துவைத்துவிட்டு கோய்லோடு சுவிட்ச் அறைக்குத் திரும்பினேன்.

உள்ளே தார் காய்ச்சும் வாடை அடித்தது.

சுவிட்சில் ஒரு பூட்டு தொங்கியது.

"யாரோடது இது, வெர்னா?" என்று கோய்ல் என்னைக் கேட்டார்.

"தெரியல. நாங்க ரெண்டு பேருமே கழட்டிட்டோம்."

கருகிய பூட்டு. பெயர்ச்சீட்டு உருகிச் சுருண்டிருந்தது. எங்கள் மூச்சே புகையாக வரும் குளிரில், அதைத் தொட்ட என் விரல் சுட்டது.

"உன் தம்பியோட குறும்பு. அந்தக் கட்டரை எடு."

"வெட்டாதீங்க."

"அங்க யாரும் இல்லம்மா. அவன் வண்டியில சொகுசா உக்காந்திருக்கான்."

ஜன்னல் வழியே பார்த்தேன். பிக்கப்பின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

அவர் முகம் சுண்டியது. ஆனாலும் கட்டரைத் தானே எடுத்துவந்து பூட்டில் கொடுத்து அழுத்தினார்.

கட்டரின் பல் உடைந்து தெறித்தது.

பூட்டு மெல்ல ஆடியது.

அப்போது பின்கதவு திறந்தது. வண்டிப் பக்கக் கதவு இல்லை, துளைப் பக்கக் கதவு. லீலண்ட் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கடா போன?"

"ஏழாம் துளையில ஒரு நட்டை சரியா முறுக்கலன்னு தோணுச்சுக்கா. ஒரு நிமிஷ வேலைதானேன்னு..."

"பூட்டு மாட்டாமலா?"

தலைகுனிந்தான். பிறகு கோய்லைப் பார்த்துக் குழம்பினான். "நீங்க எப்படி எனக்கு முன்னாடி இங்க வந்தீங்க?"

"அவர் இங்கேயேதான் இருந்தார்," என்றேன்.

"அப்போ எனக்குப் பின்னால நின்னது யாரு? பனியில முகம் தெரியல. என் மணிக்கட்டைப் பிடிச்சு, 'பூட்டு மாட்டினியா?'ன்னு கேட்டாரு. இல்லன்னேன்."

"அதுக்கு?"

"'அப்போ என்னோடத மாட்டுறேன், நீ வேலைய முடி'ன்னாரு."

சட்டைக் கையை மேலே தள்ளினான். மணிக்கட்டில் ஐந்து விரல் அச்சு, கொப்புளமாக.

கோய்ல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அந்தப் பூட்டுக்கு எந்தச் சாவியும் சேரவில்லை, எந்தக் கட்டரும் அதை வெட்டவில்லை. கடைசியில் கம்பெனிக்காரர்கள் சாலையிலேயே மின்கம்பியை அறுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு அந்த மண்ணுக்குள் துளி மின்சாரம் இறங்கவில்லை.

இந்தக் குளிர்காலமும் அங்கே பனி இடுப்பளவு கிடக்கிறது. ஏழாம் துளையைச் சுற்றி மட்டும் பனி தங்குவதில்லை. அங்கே ஈரமண் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. அதில் பூட்ஸ் தடங்கள் புதிதாக இருக்கின்றன.