நிச்சயதார்த்த வீட்டில் காணாமல் போன கால்

வெற்றிச்செல்வி குளித்துவிட்டுக் கதவைத் திறந்தபோது, அவளுடைய வலது கால் வைத்த இடத்தில் இல்லை.

காலைக் கழற்றி வைப்பது அந்த வீட்டில் தினப்படி சமாச்சாரம். காணாமல் போனதுதான் புதுசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தவளை அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று இடித்து, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் செய்துவிட்டது. அப்போது அவளுக்குப் பதினாலு வயசு. அதற்குப் பிறகு திருச்சியில் அளவெடுத்துச் செய்த கால்தான் கால். ஈரம் படக்கூடாது என்பதால், கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அதைக் கழற்றுவாள். திரும்ப மாட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று, செருப்போடேயே கல்லில் சாய்த்து வைப்பாள். இடக்கால் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துத் தத்தித் தத்திக் குளியலறைக்குள் போவாள். அன்றைக்கும் அப்படித்தான் செய்தாள்.

காலை மணி ஏழரை. பத்து மணிக்குப் பெரம்பலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அக்கா லாவண்யாவுக்கு நிச்சயதார்த்தம்.

வெற்றி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா” என்று கூப்பிட்டாள். முதலில் ஓடிவந்ததும் அக்காதான். தலை நிறைய கிளிப்பு, முகத்தில் பாதிக்குச் சுண்ணாம்பு அடித்தாற்போல மேக்கப். கால் இல்லாததைப் பார்த்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையைத் தூக்குகிற மாதிரி தங்கையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவை ஒட்டிய சின்ன அறைக்குள் போனாள். அது வெற்றியின் அறை. ஜன்னலோரம் அவள் படுக்கிற கட்டில், எதிரே பழைய மரப்பெட்டி. லாவண்யா அவளைப் பெட்டிமேல் உட்காரவைத்தாள்.

“கட்டில் கயிறு தொளதொளன்னு கெடக்கு. இதுலயே உக்காந்திரு. நாங்க தேடுறோம்.”

சொல்லிவிட்டு மறுபடி மேக்கப்புக்குப் போய்விட்டாள்.

ஆண்டிமடத்தை ஒட்டிய அந்த ஊரில் நல்லுசாமி வீட்டு விசேஷம் என்றால் சும்மாவா? தெருமுனையில் ஆளுயரத்துக்கு மேலே ஃப்ளெக்ஸ் நின்றது. நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும், சுற்றிலும் சொந்தக்காரர்கள். போட்டோக்காரர் தமிழழகன் ஒவ்வொரு முகத்தையும் தேய்த்து வெளுத்து, ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள்போல ஆக்கியிருந்தார். போன வருஷம் செத்துப்போன பெரியப்பாவுக்குக்கூட அதில் இடம் இருந்தது. வெற்றிக்கு இல்லை. கேட்டபோது இடம் பற்றவில்லை என்றார் குருமூர்த்தி மாமா. சம்பந்தம் பேசி முடித்தது அவர்தான். போன ஞாயிறு கங்கைகொண்ட சோழபுரத்துப் புல்வெளியில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் படம் எடுத்தார்கள். அதற்கும் அவளைக் கூப்பிடவில்லை. காரில் இடம் பற்றவில்லையாம்.

அம்மா ஜானகி எட்டு மணிக்கு வந்து எட்டிப்பார்த்தாள். மகளுடைய முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே பேசினாள். ஆட்களை விட்டுத் தேடுவதாகச் சொன்னாள். தட்டில் இட்லி வைத்தாள்.

“கெடைக்கற வரைக்கும் இங்கயே இரு. வந்தவங்க இருக்கறப்ப கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்காத.”

கதவைச் சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் உண்டு என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கதவின் வெளிப்பலகையில் ஆணி புதுசாக மின்னியதை நேற்றுப் பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

கூடத்தில் சிரிப்புச் சத்தம். யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கால் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இந்த அறைக்குள் இருந்தபடியே அக்காவின் நிச்சயதார்த்தத்தைக் காதால் கேட்பாள். பிறகு கல்யாணத்தையும் கேட்பாள். அப்புறம் அந்த வீட்டில் இரண்டாவது பெண் ஒருத்தி இருந்தாள் என்பதே ஊருக்கு மறந்துபோகும்.

எட்டே முக்காலுக்குத் தாழ்ப்பாள் திறந்தது. குருமூர்த்தி மாமா, மலர்கொடியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

மலர்கொடி பிளஸ் ஒன்னில் வெற்றியின் பெஞ்சுக்காரி. நெற்றியிலும் கன்னத்திலும் காது மடலிலும் வெண்புள்ளி படர்ந்தவள். பவுடர் போட்டு மறைத்துக்கொள்ளச் சொல்லாத ஆள் பள்ளிக்கூடத்தில் இல்லை. ‘மறைக்க மாட்டேன், பாக்கறவன் கண்ண மூடிக்கட்டும்’ என்பாள். அந்த வாய்க்காகவே வெற்றிக்கு அவளைப் பிடிக்கும். காலையிலேயே வந்து கொல்லையில் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கொல்லையில இருந்தது இவ ஒருத்திதான். முந்திரிக்காட்டுல வீசிட்டு நிக்கிறா. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா.”

“அவ எதுக்கு மாமா என் கால எடுக்கணும்?”

“தான் சபையில நிக்க முடியாது, நீ மட்டும் நிக்கலாமான்னுதான். கொறை உள்ளதுங்க ரெண்டு ஒண்ணா சேந்தா வேறென்ன நடக்கும்?”

முந்திரிக்காட்டுக்கு இரண்டு ஆட்களை அனுப்பியிருப்பதாகவும், விசேஷம் முடிந்ததும் போலீசுக்குப் போன் போட்டு, பள்ளிக்கூடத்திலும் சொல்லி டி.சி. கொடுக்க வைப்பதாகவும் அடுக்கிக்கொண்டே போனார். மலர்கொடி தலை நிமிரவில்லை.

வெற்றி அவரை விட்டுவிட்டுத் தோழியிடம் திரும்பினாள்.

“மலரு. நீ என்ன பாத்தியோ அத மட்டும் சொல்லு.”

“நான் வந்து பாக்கறப்ப கால் இல்ல. செருப்பு ரெண்டும் படிக்குக் கீழ ஜோடியா இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“பாத்தியா நக்கல. போனது காலு, இவ செருப்புக்குச் சாட்சி சொல்றா” என்றார் மாமா.

“வந்து பாக்கறப்பன்னா, எங்கேருந்து வந்த?”

மலர்கொடி துப்பட்டாவின் முனையை உள்ளங்கைக்குள் சுருட்டினாள். வெள்ளைத் துப்பட்டா. முனையில் சந்தன நிறத்தில் ஒரு தீற்றல் இருந்தது. வெற்றி அதைப் பார்த்தாள். பிறகு மலர்கொடியின் காது மடலைப் பார்த்தாள்.

மேக்கப் போட வந்த சசிகலாவைக் கூப்பிடச் சொன்னாள். பெரம்பலூரில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள், கையில் தூரிகையோடு அலுத்துக்கொண்டே வந்தாள்.

“அக்காவுக்கு எப்ப ஆரம்பிச்சீங்க?”

“ஆறு மணிக்கு.”

“நடுவுல எந்திரிச்சாங்களா?”

“நான் கைய எடுத்தாத்தானே எந்திரிக்க? சேர்ல ஆள் இல்லாம இருந்த நேரமே இல்ல பாப்பா.”

சசிகலா சொன்னது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் போட்டோக்கார தமிழழகன் சாக்ஸ் காலோடு அறைவாசலில் வந்து நின்று, பெண் எங்கே, வெயில் ஏறுகிறது என்றார். ஷூவைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்ததற்கு ஜானகி அவரைக் காலையில் பிடிபிடியென்று பிடித்திருந்தாள். கேஸ் சிலிண்டர் போடுகிறவனுக்கும் அந்த வீட்டில் அதே சட்டம்தான். வெற்றி அவருடைய சாக்ஸைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று தெளிந்தது.

“மாமா, அம்மாவையும் அக்காவையும் வரச்சொல்லுங்க. காலு எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

மணி ஒன்பதரை. அந்தச் சின்ன அறையில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். லாவண்யாவின் முகம் முழுசாக முடிந்திருந்தது. அவ்வளவு வெளுப்பில், பயந்திருக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை.

“காலு வூட்ட விட்டு வெளிய போகல மாமா. முந்திரிக்காட்டுல தேடுறவங்களத் திரும்பி வரச்சொல்லுங்க.”

“எப்படிச் சொல்ற?”

“நான் கழட்டி வைக்கறப்ப அதுல செருப்பு இருந்துச்சு. என் காலு வெரலால பிடிச்சுக்காது. அதுக்குன்னு பின்னால வார் வச்ச செருப்பு. வாரை அவுக்காம வராது. காட்டுல வீசப் போறவங்க குந்தி உக்காந்து வாரை அவுத்து, எடக்கால் செருப்பையும் எடுத்து, படிக்குக் கீழ ஜோடி சேத்தா வைப்பாங்க?”

குருமூர்த்தி கொல்லைக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“வூட்டுக்குள்ள நொழையறவங்கதான் செருப்பக் கழட்டுவாங்க. எடுத்தவங்க காலைத்தான் எடுக்க வந்தாங்க. ஆனா வாசப்படிக்கிட்ட வந்ததும் கை தானா கழட்டிருச்சு. இந்த வூட்டுலயே வளந்த கை அது. மலரு சொன்னது நக்கல் இல்ல மாமா. அவ ஒருத்திதான் ஒழுங்கா பாத்திருக்கா.”

“அப்ப இவளே உள்ள கொண்டாந்து...”

“அவ அந்த நேரத்துல கொல்லையிலயே இல்ல. மேக்கப் சேர்ல இருந்தா.”

மலர்கொடி நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. துப்பட்டாவில் இருந்தது சந்தனம் இல்லை, பெண்ணுக்குப் பூசுகிற கிரீம் என்றாள் வெற்றி. காது மடலில் தினமும் தெரிகிற வெண்புள்ளி இன்றைக்கு இல்லை. மற்றதையெல்லாம் துடைத்தவள், அதைத் துடைக்க மறந்துவிட்டாள். சசிகலா தூரிகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஒரு பக்கக் கன்னம்தான் பூசியதாகவும், கல்யாணப் பெண்ணின் கிரீமை வேறு ஆளுக்குப் போட்டால் திட்டுவார்களே என்றுதான் சொல்லவில்லை என்றும் முனகினாள்.

“மறைக்க மாட்டேன்னு உங்கிட்ட எத்தன தடவ வீராப்பா பேசியிருக்கேன்” என்றாள் மலர்கொடி. “போட்டோவுல அசிங்கமா விழும்னு மேக்கப் அக்கா சொன்னதும் போய் உக்காந்துட்டேன் வெற்றி. திருடின்னு பேர் வாங்கறது அதச் சொல்றதவிடத் தேவலன்னு இருந்துச்சு.”

வெற்றி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே சசிகலாவைப் பார்த்தாள்.

“சேர்ல ஆள் இல்லாத நேரமே இல்லன்னீங்க. சரிதான். மலரு உக்காந்திருந்தா. அப்ப எங்கக்கா எங்க இருந்தாங்க?”

சசிகலா லாவண்யாவைப் பார்த்தாள். “தண்ணி குடிச்சுட்டு வரேன்னு கொல்லப் பக்கம் போச்சு.”

“மலரு, தோள் குடு.”

வெற்றி தோழியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றாள்.

“நேத்து ராத்திரி நான் அந்தக் கட்டில்லதான் படுத்துத் தூங்குனேன். கயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஊரையே தேட விட்டாலும், கால் இல்லாத பொண்ண எந்திரிக்கச் சொல்லிட்டு அவ உக்காந்திருக்கற எடத்துல யாரு தேடப்போறாங்க? மாமா, பெட்டியத் தெறங்க.”

குருமூர்த்தி மூடியைத் தூக்கினார். மேலே கம்பளி. அதற்குக் கீழே லாவண்யாவின் பழைய பட்டுப்புடவை. அதற்குள், கீறல் படாமல் சுற்றி, கால் இருந்தது.

ஜானகி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மாவுக்கு இது தெரியாது” என்றாள் வெற்றி. “ஆனா காணாமப் போனதுல வருத்தமும் இல்ல. தாழ்ப்பாள் முன்னாடியே அடிச்சாச்சு.”

லாவண்யா மறுக்கவில்லை. மை கரையாமல் இருக்கக் கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டு பேசினாள்.

“நான் அவருகிட்ட ஒரே பொண்ணுன்னு சொல்லிட்டேன் வெற்றி. அவங்கம்மா குடும்பத்துல எதாவது கொறை இருக்கான்னு கேட்டாங்களாம். வாய்ல அதுதான் வந்துச்சு. ஒரு மணி நேரந்தான். அவங்க கெளம்புனதும் நானே மாட்டி விட்டிருப்பேன்.”

“எத்தன மணி நேரம்க்கா? அப்பறம் கல்யாணம் வரும். வளைகாப்பு வரும். ஒவ்வொரு தடவையும் என்னப் பெட்டியில வைப்பியா?”

தெருவில் வேன் ஹாரன் கேட்டது. முன்னதாகவே வந்துவிட்டார்கள். ஜானகி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். லாவண்யாவைச் சசிகலா கையைப் பிடித்து அழைத்துப்போனாள். மாமா மட்டும் வாசலை அடைத்து நின்று, இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளக்கூடாதா, அக்கா வாழ்க்கை என்று குழைந்தார். வெற்றி காலை மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டினாள்.

“வழி விடுங்க மாமா. இல்லன்னா நீங்களே தூக்கிட்டுப் போய் சபையில உக்கார வைங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் விலகினார்.

மலர்கொடி துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்துக் காது மடலை அழுத்தித் தேய்த்தாள். இருவரும் கூடத்துக்கு நடந்தார்கள்.

ஜமுக்காளம் விரித்து, தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பூ வாங்க ஜெயங்கொண்டம் போய்வந்த அப்பா நல்லுசாமி, சின்ன மகளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். காலைக் கொஞ்சம் வீசி வைக்கிற நடை அது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். பேச்சு ஒவ்வொரு வாயாக அடங்கி, கூடம் முழுக்க அமைதியானது.

மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“இது யாரு?”

நல்லுசாமி தட்டுகளைப் பார்த்தார். அந்த அம்மாள் வெற்றியின் பாதத்தில் பார்வையை வைத்து மேலே ஏற்றினார். மாட்டுச் சந்தையில் பார்க்கிற பார்வை.

“எங்க, கொஞ்சம் நடந்து காட்டு, பாப்போம்.”

வெற்றி அசையவில்லை. மலர்கொடியின் விரல்கள் அவள் கையில் இறுகின. மணைமேல் குனிந்து உட்கார்ந்திருந்த லாவண்யா தலையைத் தூக்கினாள். கண்ணிலிருந்து மை இறங்கி, வெள்ளைக் கன்னத்தில் கறுப்பாகக் கோடு விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

“அவ என் தங்கச்சி. இல்லைன்னு பொய் சொன்னது நான்தான். நடந்து காட்டறதுக்கு அவ வரல. உக்கார வந்திருக்கா.”

மணையை விட்டு இறங்கி ஜமுக்காளத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் விட்டாள்.

வெற்றியும் மலர்கொடியும் போய் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தைக் கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் வெளியே யாரோ வேனை ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்டது. கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

லாவண்யா எழுந்திருக்கவில்லை.