நனையாத இடம்

விடிந்ததிலிருந்து மழை விடவேயில்லை. அப்படியிருந்தும் மலையுச்சியில் நட்டிருந்த அகலமான சர்வே கல்லின் நடுவில், ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவு இடம் மட்டும் நனையாமல் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளிகள் விழுந்து அந்த இடம் கறுத்தது. கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

யாராவது இப்போதுதான் இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் இருந்தது ஒரே பாதை. அதில்தான் அவள் ஏறி வந்தாள்.

ஒவ்வொரு தாலுகாவிலும் ஆக உயரமான இடத்துக்குப் போய் உச்சிக்கல்லில் உட்கார்ந்துவிட்டு வருவது, அண்ணனும் அவளும் சேர்ந்து தொடங்கிய பைத்தியக்காரத்தனம். லாரி கவிழ்ந்து படுத்த படுக்கையான பிறகு அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறான். உச்சியிலிருந்து அவள் போனில் பேசினால் மட்டும் நாலு வாய் சாப்பிடுகிறான்.

"உட்கார்ந்தியா?"

"உட்கார்ந்துட்டேண்ணா."

"மூச்சு இப்படி வாங்குது. கிழவியாயிட்ட நீ, வாலு."

சிரித்தாள். நின்றுகொண்டேதான் இருந்தாள்.

அடுத்த மலைக்குப் போகும் வழியெல்லாம் வைப்பர் கிரீச்சிட்டது, நனைந்த இருக்கையின் புளித்த வாடை மூக்கில் ஏறியது, எதிரில் ஒரு வண்டியும் வராத சாலையை மூடுபனி மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தது. அந்த உச்சியிலும் கல்லின் நடுவில் அதே நனையாத இடம். நனையட்டும் என்று காத்திருந்தாள். சுற்றிலும் துளிகள் தெறித்தன. அங்கே மட்டும் விழவில்லை. எதன் மீதோ பட்டு ஒதுங்கி வழிந்தன.

இங்கே அது எழுந்து போகவில்லை. இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஓடினாள். காரில் ஏறியதும் அண்ணி போனில் கூப்பிட்டாள்.

"போனைக் கையிலயே வெச்சிருக்காருடி. ஒரு வாய் சாப்பிடல. எப்பப் பேசுவ?"

காரிலிருந்தே பேசி ஏமாற்ற முடியாது. மழைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். ஒருவேளை தனக்குத்தான் கண் சரியில்லையோ? இன்னும் ஒரே ஒரு மலை.

அந்த உச்சியில் ஏறியபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கல் முழுவதும் ஈரம். தடவிப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. அப்பாடா. உட்கார்ந்தாள்.

"அண்ணா, வந்துட்டேன். நெஜமாவே உட்கார்ந்திருக்கேன்."

"கார்லதான இருக்க?"

"சத்தியமா இல்ல!"

"மழை தூரத்துல கேக்குதேடி."

புறங்கையைப் பார்த்தாள். ஒரு துளிகூட விழவில்லை. முழங்காலுக்கு அப்பால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே சத்தமே இல்லை.

"சரி, நம்பறேன். பேசிட்டே இரு. சாப்பிடறேன்."

தட்டில் கரண்டி படும் சத்தம்.

எழ முயன்றாள். முடியவில்லை. அடியில் இப்போது கல் இல்லை. மெத்தென்று இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தையை மடியில் இருத்திக்கொள்வதுபோல, இடுப்பைச் சுற்றி ஏதோ மெல்ல இறுகியது.

"பேசுடி, வாலு."