ஆறாவது கூடை

எறிமேடையிலிருந்து ஆறாவது கூடைக்கு எண்பத்துநாலு மீட்டர். தட்டை வீசி, கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் விழவைக்கும் இந்த டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை வரைந்தவர் அவுலிஸ். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அளவுச் சக்கரமோ தொண்ணூற்றொன்று என்றது.

"உன் சக்கரம் காலையிலேயே ஏத்திக்கிச்சு போல," என்று சிரித்த சங்கச் செயலாளர் மெர்வி, சட்டென்று சிரிப்பை விழுங்கினாள். "வேற யாரையாவது அனுப்பறேன்னேன்ல? ஆறாவது ஆபத்தா இல்லையான்னு படிவத்துல நீயா எழுதணும்?"

"வரைஞ்சவன் நான். நானே எழுதறேன்."

ஏரிக்கு இவ்வளவு பக்கத்தில் கூடையை நட்டதும் அவர்தான். போன செப்டம்பரில், தண்ணீரில் விழுந்த டிஸ்கை எடுக்க இறங்கிய மகள் சினி திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. 'ஆபத்து' என்று எழுதினால் நாளைக்கே கூடையைப் பிடுங்கிவிடுவார்கள். அவள் கடைசியாக நின்ற இடம் வெறும் புல்லாகிவிடும்.

வெட்டிய புல்லின் பச்சை வாசமும், வெயிலில் பிசின் கசியும் பைன் மரங்களின் சூடும், காதோரம் விடாமல் ரீங்கரிக்கும் கொசுக்களுமாக இருந்த அந்த ஜூன் காலையில், எங்கிருந்தோ ஏரியடிச் சேற்றின் நாற்றம் மெல்ல ஏறி வந்தது. மறுபடி அளந்தார். தொண்ணூற்றேழு. ஓர் இலைகூட அசையவில்லை. கூடையின் சங்கிலிகள் மட்டும் கலகலத்தன.

"மெர்வி, கூடையை யாராவது நகர்த்துனீங்களா?"

"கான்கிரீட்ல நட்டதை எவன் நகர்த்துவான்?"

மூன்றாம் முறை. நூற்றாறு. சக்கரம் நனைந்திருந்தது.

"அடப்பாவி, கூடை தண்ணியில நிக்குது! எந்தத் தறுதலைங்க வேலை இது? இரு, இழுத்துட்டு வரேன்." மெர்வி ஷூவைக் கழற்றி வீசிவிட்டு இறங்கினாள்.

சங்கிலிகளுக்குப் பின்னால் ஈர முடி. நெற்றி. கண்கள்.

சினி.

மெர்வி ஓரடி வைத்தால், அந்த முகம் ஒரு விரற்கடை எழுந்தது. மெர்வி அதைப் பார்க்கவில்லை. காலடியைப் பார்த்தபடியே போனாள்.

'நில்லு' என்றால் போதும். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அந்த முகம் தாழ்ந்துவிடும். அவருக்குத் தெரிந்தது.

மெர்விக்கு முழங்கால்வரை தண்ணீர். பிறகு இடுப்புவரை.

"அவுலிஸ், கால்ல என்னமோ..."

அவர் படிவத்தை எடுத்தார். 'ஆபத்து இல்லை' என்று எழுதினார்.

மெர்வியின் தலைக்கு மேல் நீர் மூடிக்கொண்டது. குமிழிகளும் நின்றன.

சினி இடுப்புவரை வந்திருந்தாள். அதற்குக் கீழே இன்னும் ஏரிதான்.

எறிமேடையில் அடுத்த குழு வந்து சேர்ந்தது. யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். சினியின் தலை மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது.