கதவைத் தட்டிய ஃபைல்

மாடி வீட்டு அக்கா நடந்தால் சத்தமே வராது. கீழே கடையின் கண்ணாடிக் கதவில் நிழல் விழும். நிமிர்ந்தால் எதிரே நிற்பார். கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு சாம்பல் நிறத் துணி. அவர் பேசி யாரும் கேட்டதில்லை. தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர், நிழலக்கா.

அன்று மழை இருட்டு. சித்தப்பாவின் கம்ப்யூட்டர் கடையில் சிறுமி பொடி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்தது.

நிழலக்கா ஒரு பென்டிரைவை மேஜைமேல் வைத்தார். செல்போனில் எதையோ தட்டிக் காட்டினார்.

‘இதைத் திறந்து தாருங்கள். என்னிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.’

அடுத்த நிமிடம் ஆளைக் காணோம்.

பென்டிரைவில் ஒரே ஒரு ஃபைல். பெயருக்குப் பின்னால் டி.எம்.ஜி. என்று இருந்தது. சித்தப்பா அதைத் தட்டினார். ‘எதைக் கொண்டு திறப்பது?’ என்று கேட்டது கம்ப்யூட்டர்.

“என்னைக் கேட்டா? சரி, பேரை மாத்திப் பார்ப்போம்.” டி.எம்.ஜி.யை அழித்துவிட்டு, வீடியோ ஃபைலின் பெயர் போல மாற்றினார். ம்ஹூம்.

“பேரை மாத்தினா ஆயிடுமா சித்தப்பா? நாளைக்கு உங்களை டாக்டர்னு கூப்பிட்டா ஊசி போடுவீங்களா?”

“வாயைப் பாரு! இது வைரஸ்தான், பொடி. போன வருஷம் இப்படித்தான் ஒண்ணு வந்து ஒரு கல்யாண ஆல்பத்தையே தின்னுச்சு. சுத்தமாத் துடைச்சுக் குடுத்துடலாம்.”

அவர் விரல் மவுஸ்மேல் போனது. பொடி சட்டென்று பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இவ்வளவு குண்டு ஃபைலா எந்த வைரஸ் இருக்கும்? மிச்சம் இது ஒண்ணுதான்னு சொன்னாங்களே! நான் போய்க் கேட்டுட்டு வரேன்.”

“அங்கேயா? தனியாவா?”

மாடிப்படி இருட்டாக இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ கரகரவென்று மூச்சு விட்டார்கள்.

“அ... அக்கா?”

மூச்சு நின்றது. இருட்டிலிருந்து சாம்பல் துணி மட்டும் மிதந்து வந்தது. அதன் நுனியைப் பிடித்தபடி ஒரு குட்டிப் பையன்.

“இதை எந்தக் கம்ப்யூட்டர்ல செஞ்சீங்கக்கா?” ஒரே மூச்சில் கேட்டாள் பொடி.

செல்போன் ஒளிர்ந்தது. ‘ஆப்பிள் மேக். அது செத்துப்போய்விட்டது.’

பொடி படிகளில் உருளாத குறையாக ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சித்தப்பா நெற்றியில் தட்டிக்கொண்டார்.

“அட! டிஸ்க் இமேஜ்! ஒரு டிஸ்க்கை அப்படியே மூட்டை கட்டி ஒரே ஃபைலா வெச்சிருக்காங்க. மேக் முடிச்சு. நம்ம கம்ப்யூட்டருக்கு அவிழ்க்கத் தெரியாது.”

“மூட்டைதானே? ஜிப் ஃபைலைப் பிரிக்க ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்கீங்களே, அதுல போட்டுப் பாருங்க.”

“அது வேற மூட்டை... சரி, பார்ப்போம். பழைய பேரையே திருப்பி வைக்கிறேன்.”

பிரிந்தது! உள்ளே இன்னொரு மூட்டை. அதையும் பிரித்தால் ஒரு ஃபோல்டர். ஃபோல்டர் நிறைய ஒலி ஃபைல்கள். பொடி முதலாவதைத் தட்டினாள்.

கிரீச்...

ஏதோ ஒரு கதவு. பிறகு காலடிகள். பிறகு, காதோரம் கிசுகிசுப்பது போல ஒரு பெண் குரல்.

“கதவைத் திற... நீ உள்ளேதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும்...”

விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. சித்தப்பா ஸ்டூல்மேல் ஏறிவிட்டார். “அணைச்சுடு, பொடி!”

பொடி திரும்பினாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, சத்தமில்லாமல் வந்து நின்றிருந்தார் நிழலக்கா, இடுப்பில் பையனுடன். ஸ்பீக்கர் சொல்லச் சொல்ல, அவர் உதடுகளும் அசைந்தன. ஒரு சொல் பிசகவில்லை.

பொடியின் கை அணைப்பதற்காக மவுஸுக்குப் போனது. ஆனால் அக்காவின் கண்கள் நிரம்பியிருந்ததையும் அவள் பார்த்தாள். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“...பயப்படாதேடா கண்ணு. நான் பேய் இல்ல. குட்டிக் கரடி. வெளியே குளிருது. உள்ளே விடேன்!”

பையன் ஸ்பீக்கரைப் பார்த்தான். அம்மாவின் உதடுகளைப் பார்த்தான். மெதுவாகக் கை நீட்டி, சாம்பல் துணிமேல் அவர் தொண்டையைத் தொட்டான். பிறகு கெக்கெக்கே என்று சிரித்தான்.

நிழலக்கா செல்போனில் தட்டினார். ‘தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால் இவனுக்காகக் கதைகளைப் பேசி வைத்தேன். அப்போது இவன் பிறந்த குழந்தை.’

சித்தப்பா சத்தமில்லாமல் ஸ்டூலைவிட்டு இறங்கினார். “துடைக்க இருந்தேனே, பாவி!”

பொடி எல்லாக் கதைகளையும் பென்டிரைவிலும் அக்காவின் செல்போனிலும் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தாள். பழைய மூட்டையையும் அழிக்காமல் அப்படியே விட்டாள்.

கடையைச் சாத்தும் நேரம், மேலிருந்து ஓர் உறுமல் கேட்டது. சித்தப்பாவின் கையிலிருந்த பூட்டு கீழே விழுந்தது.

“எ... என்னது?”

“கரடிதான் சித்தப்பா,” என்று பூட்டை எடுத்துக் கொடுத்தாள் பொடி. “கதவைத் திறந்து உள்ளே விட்டுட்டாங்கபோல.”