நீல அஸ்தமனத்துக்கு மூன்று பேர்

விழித்ததும் பூங்கோதை வழக்கம்போல் கூரையைத் துடைத்தாள். இரவெல்லாம் அவள் விட்ட மூச்சு உலோகக் கூரையில் முத்து முத்தாகப் படிந்திருந்தது. பஞ்சுத் துணியால் அதை ஒற்றியெடுத்துச் செம்பில் பிழிந்தாள். கால் செம்புகூடத் தேறவில்லை. செவ்வாயில் தனியாக இருப்பவர்களின் காபி எப்போதும் கெட்டியாகத்தான் இருக்கும். நான்கு பேர் மூச்சுவிடும் வீட்டில்தான் தாராளமாகத் தண்ணீர் ஊற்ற முடியும்.

கோடை பிறந்துவிட்டது. புழுதிக்காற்று அடங்கி, குடில்களுக்கு இடையே காந்தவண்டி ஓடும் சில வாரங்கள். இதை விட்டால் அடுத்த கோடைக்குப் பூமிக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. பூங்கோதை ஏற்கெனவே நான்கு கோடைகளை விட்டிருந்தாள்.

போக நினைத்த இடம் ஒன்றும் கண்காணாத தூரத்தில் இல்லை. முதலூர், வண்டியில் அரைநாள். பூமியிலிருந்து வந்த முதல் மனிதர்கள் கட்டிய நகரம். இப்போது அங்கே யாரும் வசிப்பதில்லை, கோடையில் மட்டும் கதவு திறப்பார்கள். கதிர்வீச்சுக்குப் பயந்து பிற்பாடு கட்டிய குடில்கள் எதிலும் ஜன்னல் கிடையாது. முதலூர்க்காரர்களோ விவரம் போதாமல் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல் ஒன்றை வைத்துவிட்டார்கள். அதன் வழியாகப் பார்த்தால் சூரியன் நீலமாக மறையும். அந்த ஜன்னலின் படம் பள்ளிப் புத்தக அட்டையில் இருந்தது. பள்ளி முடிந்த அன்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான், நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து போவதென்று பேசிவைத்தார்கள். பிறகு ரெஜினா ஒரு குடிலுக்கு, சாதிக் ஒரு குடிலுக்கு, பூங்கோதை ஒரு குடிலுக்கு. அன்றிலிருந்து வெறும் குரல்கள்தான்.

அந்தக் குரல்களைக் கொண்டுவந்து சேர்ப்பது, காதுக்குப் பின்னால் அரிசியளவில் பதித்திருந்த செவித்துணை. அதற்குள் பயணன் என்றொரு செயற்கை அறிவு இருந்தது. பயணம் ஏற்பாடு செய்வது அதன் வேலை. பாவம், இந்த மூவர் குழுவில் மாட்டிக்கொண்ட நாள்முதல் அதற்கு வேலையே நடக்கவில்லை.

"கோதை, நீல வெளிச்சத்துக்கு என்ன கலர் டிரெஸ் எடுப்பா இருக்கும்? மொதல்ல அதைச் சொல்லு," என்றாள் ரெஜினா.

"மொதல்ல நீ தேதியைச் சொல்லுடி."

"மொத வாரம் மாமியார் வராங்க. ரெண்டாவது வாரம் போகமாட்டாங்க."

"மூணாவது வாரம் எனக்கு எலும்பு ஊசி போடறாங்க," என்றான் சாதிக். "நாலாவது வாரம் ஓகே. ஆனா அங்க பாசி பிரியாணி கிடைக்குமான்னு விசாரிங்க."

"அஸ்தமனம் பாக்கப் போறோமா, திங்கப் போறோமா?" என்றாள் ரெஜினா.

"வெறும் வயித்தோட எத்தனை நேரம் சூரியனையே பாப்ப?"

ரெஜினா வாக்கெடுப்பு வைக்கலாம் என்றாள். வைத்தார்கள். மூன்று பேர், மூன்று தேதி. அன்று உருப்படியாக நடந்தது ஒன்றுதான்: குழுவின் பெயர் 'முதலூர் மூவர்' என்பதிலிருந்து 'இந்தக் கோடை கன்ஃபார்ம்' என்று மாறியது.

பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை. "டேய், நீ கெளம்பிருவடா. இதான் கடைசி."

கோடை முடிந்ததும் சாதிக் வியாழனின் நிலவுக்குக் கப்பலேறுகிறான். பனிச் சுரங்க வேலை. போகவே பாதி இளமை கழிந்துவிடும். அங்கிருந்து திரும்பி வந்தவர் என்று இதுவரை யாரும் இல்லை.



"தெரியும்," என்றான் சாதிக். "கண்டிப்பா போலாம். பாக்கலாம்." இணைப்பை முதலில் துண்டித்தவனும் அவன்தான்.

நான்காவது வாரம் ஒரு காலையில் பயணன் சொன்னது: "திட்டம் ரத்து. கடைசி வரைக்கும் தேதி ஒத்துவரல."

பூங்கோதை எழுந்திருக்கவில்லை. துடைக்காத கூரையிலிருந்து அவளுடைய மூச்சே சொட்டாக நெற்றியில் விழுந்தது.

"முதலூர் வண்டில உனக்கு ஒரு சீட்டு இருக்கு," என்றது பயணன். "இப்பவே கெளம்பணும்."

"நான் மட்டும் போயி என்ன பண்ண?"

"ஜன்னல் இருக்கு."

அவளுக்குக் கோபமாக வந்தது. ஆனாலும், கப்பலேறுமுன் சாதிக்கிடம் அந்த நீலம் எப்படி இருந்தது என்றாவது சொல்லலாமே என்று தோன்றியது. கூரை துடைக்கும் துணியைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

முதலூரின் நடைவழி குறுகலாக இருந்தது. அதன் கோடியில், ஜன்னல் முன்னால், இரண்டு பேர் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ வரேன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ சொன்னியாடி?"

குரல்கள் காதுக்குள்ளிருந்து கேட்கவில்லை, வெளியிலிருந்து கேட்டன. பூங்கோதை நின்றுவிட்டாள். பிறகு போய் ரெஜினாவின் தலையில் முகத்தைப் புதைத்தாள். எண்ணெய் வாசனை அடித்தது. எந்தச் செவித்துணையும் இதைக் கொண்டுவந்து தந்ததில்லை. சாதிக் அவள் நினைத்து வைத்திருந்ததைவிட ஒல்லியாக இருந்தான். அவன் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"பயணா, ரத்துன்னியே," என்றாள்.

மூன்று காதுகளிலும் பயணன் பேசியது. "ரத்தானது திட்டம். பூமியிலேர்ந்து வந்த பழைய அரட்டைக் குழுப் பதிவெல்லாம் படிச்சேன். லீவுக்கு ஊர் போறதுக்குன்னே ஆரம்பிச்ச குழு கோடிக்கணக்குல இருக்கு. பேர் மாத்தியிருக்காங்க, படம் மாத்தியிருக்காங்க, ஓட்டு போட்டிருக்காங்க. ஊருக்குத்தான் போகல. திடீர்னு ஒருநாள் பையைத் தூக்கிட்டு ஓடினவங்கதான் போயிருக்காங்க. அதான் ஆளுக்கு ஒரு சீட்டு."

"எங்க வாத்தியாருக்கும் மேல இருக்கியே," என்றான் சாதிக்.

ஜன்னலுக்கு வெளியே செம்மண் வெளி. அடிவானத்தில் சின்னச் சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது. அதன் ஓரத்தில் மெல்லிய நீலம் கசிந்தது. மூவரும் கண்ணாடியை ஒட்டி நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"இவ்ளோ ஈசியா வந்துட்டோம்," என்றாள் ரெஜினா. "அடுத்த கோடைக்கும் இதே மாதிரி எங்கயாவது போயிடணும்."

பூங்கோதை சாதிக்கைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை.

"வடக்குல பனிமலை இருக்கு," என்றான். "லீவு சொல்லிட்டு வந்துடறேன்."

"மொத வாரமா, ரெண்டாவது வாரமா?" பூங்கோதையின் வாயிலிருந்து தானாகவே வந்தது.

"மொத வாரம் மாமியார்."

"உன் மாமியாரையும் கூட்டிட்டு வா, பனியில விட்டுட்டு வந்துடலாம்."

சிரித்தார்கள். தேதி பேசினார்கள். தங்குமிடத்துக்கு வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, சாதிக்கும் இருக்கப்போவதுபோல் அடுத்த கோடைக்கு, அதற்கடுத்த கோடைக்கு என்று விடாமல் திட்டம் போட்டுக்கொண்டே போனார்கள். பயணன் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

பூங்கோதை வெளியே பார்க்கத் திரும்பியபோது ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. பழக்க தோஷத்தில் துணியை எடுத்துத் துடைத்தாள். வெளியே கும்மிருட்டு.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள் ரெஜினா.

"முடிஞ்சிருச்சு."

"சரி விடு," என்றான் சாதிக். "அடுத்த தடவை பாத்துக்கலாம்."

பூங்கோதை தலையாட்டினாள். பிறகு துணியைத் தண்ணீர்க் குப்பிக்கு மேலே பிடித்துப் பிழிந்தாள். அவள் வீட்டில் சொட்டுச் சொட்டாக விழும் நீர், இங்கே மூன்று பேர் மூச்சில் கம்பியாக இறங்கியது. குடிக்கவில்லை. மூடியை இறுகத் திருகிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.