கார் இல்லாமல் வந்தவன்

அன்றைக்குக் கான்சாஸ் சிட்டியில் பெய்த மழையில் மிஸ்ஸௌரி ஆறே கரையேறி வந்து ட்ரூஸ்ட் சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றது. அந்த மழையில் பர்கர் கடையில், காரில் இருந்தபடியே வாங்கிப் போகும் டிரைவ்-த்ரூ சன்னலைத் திறந்த வெர்னிட்டா, எதிரே கார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதன் நிற்பதைப் பார்த்தாள். இமையில் மழைத்துளி. அதற்கு உள்ளே ஒரு சிரிப்பு...

"ஒரு காபி."

"கார் எங்க?"

"இல்லைங்க. நடந்து வந்தேன்."

"நடந்து வர்றவங்களுக்கு இந்தச் சன்னல்ல தர்றதில்ல. உள்ள தரை துடைக்கிறாங்க. பத்து நிமிஷம் கழிச்சு கதவு பக்கம் வாங்க."

"பத்து நிமிஷத்துல நான் கரைஞ்சே போயிடுவேன். எங்கம்மாவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

ஒன்பது வருடமாக அந்தச் சன்னலில் நிற்பவள் வெர்னிட்டா. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள்கூட, ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்த மனிதன் மட்டும் அந்தக் குரல் போகச் சொல்லியும் நகரவில்லை.

பின்னால் நின்ற கார் ஹார்ன் அடித்தது. உள்ளே சர்ச்சுப் பாட்டுக் குழுவின் சிஸ்டர் யூலேலியா. "அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு காபி கொடு கண்ணு. என் காருக்கு முன்னால நின்னா அவனும் என் காருதான்."

அவன் காபியை வாங்கிக்கொண்டு, நனைந்த தாள் ஒன்றைச் சன்னலில் வைத்தான். அவன் பெயர் டெல்ராய், எதிர்சாரிக் கோழிக் கடையில் வேலை. மூன்று வாரத்தில் இந்தச் சாலைக் கடைக்காரத் தொழிலாளர்களின் ஒருநாள் ஸ்டிரைக். யூனியனில் சேரக் கையெழுத்து வேண்டும். வெர்னிட்டா தாளைக் கசக்கினாள். ஆனால் எறியவில்லை... ஏன் எறியவில்லை என்று அன்றிரவு முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாளும் வந்தான். கார் வந்ததைச் சொல்லத் தரைக்கு அடியில் இருக்கும் கருவி, இரும்பு வந்தால்தான் மணியடிக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போல, காய்கறிக் கடைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அடுத்த நாள் புல்வெட்டும் வண்டி. அதற்கு அடுத்த நாள், யாரிடம் இரவல் வாங்கினானோ, சக்கர நாற்காலி.

"இதுவும் வண்டிதானே?"

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டாள். "கையெழுத்துப் போட்டா வேலை போயிடும். போனா நீயா சோறு போடுவே?"

அவள் பயம் வீண் பயமில்லை. மேனேஜர் ப்ரூவிட் யாரையும் வேலையை விட்டுத் தூக்க மாட்டார். வெள்ளிக்கிழமை ஒட்டும் வேலை நேரப் பட்டியலில் பெயரை எழுத மறந்துவிடுவார். அவ்வளவுதான்.

"ஸ்டிரைக் முடிஞ்ச மறுநாள் யாரையும் தனியா அனுப்ப மாட்டோம்," என்றான் டெல்ராய். "பாஸ்டர், அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாரும் கூடவே வந்து, மேனேஜர் கண்ணெதிர்ல வேலையில விட்டுட்டுத்தான் போவாங்க. அதுதான் எங்க வழக்கம்."

"எனக்கு முப்பத்தொரு வயசு. பள்ளிக்கூடத்துலகூட என்னை யாரும் கொண்டுவந்து விட்டதில்ல. இப்ப எதுக்கு?"

அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனான்.

மூன்று வாரம் கழிந்து ஸ்டிரைக் நாள், வியாழக்கிழமை. அதே மழை. எதிர்சாரியில் மூன்றே மூன்று பேர் பலகை பிடித்து நின்றார்கள். நடுவில் டெல்ராய். வெர்னிட்டாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ப்ரூவிட் சிரித்தார். "அந்த நனைஞ்ச கோழியைப் பாரு."

அவள் ஹெட்செட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சாலையைக் கடந்தாள். அவ்வளவு எளிதாகவா என்றால், ஆமாம், ஒன்பது வருடமும் இருபது அடியும்தான்.

டெல்ராய் பலகையைச் சாய்த்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"நீ நனையறே."

"பலகை சின்னது. கொஞ்சம் கிட்ட வந்து நில்லு."

வந்தாள்... கையெழுத்தும் போட்டாள். நாளைக்கு யாரை யார் கொண்டுபோய் விடுவது என்று டெல்ராய் பட்டியல் எடுத்ததும் வெர்னிட்டாவின் தலை நிமிர்ந்தது. "என் பேருக்கு நேரா யாரையும் எழுதாதே. உன்னையும் சேர்த்துத்தான்."

அவன் முகம் வாடியது. எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தனியாகப் போனாள். ப்ரூவிட் கதவை அடைத்துக்கொண்டு நின்றார், கையில் பட்டியல். "உன் பேரு இல்லையேம்மா. மறந்துட்டேன் போல."

இதற்கென்று இரவெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தாள். சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது உள்ளே மணி அடித்தது. முதல் கார், சிஸ்டர் யூலேலியா. "வெர்னிட்டா எங்க? அவ குரலைக் கேட்டாத்தான் நான் ஆர்டர் சொல்லுவேன்." இரண்டாவது காரில் பாஸ்டர், அதே பேச்சு. மூன்றாவது காரில் ஆஸ்பத்திரி நர்ஸுகள். வரிசை நீண்டு, கடைசிக் கார் பக்கத்து மாநிலத்தில் போய் நின்றது. யாரும் ஆர்டர் சொல்லவில்லை, யாரும் நகரவும் இல்லை. பன்னிரண்டே நிமிடத்தில் ப்ரூவிட்டின் சட்டை, நேற்று மழையில் பலகை பிடித்து நின்றவர்கள் சட்டையைவிட அதிகமாக நனைந்துவிட்டது. ஹெட்செட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"முதல்ல பட்டியல்ல பேரு," என்றாள். "முழு வாரத்துக்கும்."

எழுதினார்.

ஐம்பதோ நூறோ காபி கொடுத்த பிறகு கடைசியாக வந்தது பாஸ்டரின் தம்பியுடைய சவ ஊர்தி. ஒலிபெருக்கியில் அந்தக் குரல்.

"ஒரு காபி."

"இன்னிக்கு காரோட வந்திருக்கே போல."

"இரவல்தான். பின்னால யாரும் படுத்திருக்கல, பயப்படாதே."

"யாரையும் எழுதாதேன்னு சொன்னேனே..."

"எழுதல. எல்லாரும் காபி குடிக்க வந்தாங்க." அவன் குரல் தாழ்ந்தது. "வெர்னிட்டா... மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. காபியால இல்ல. எனக்குக் காபியே பிடிக்காது. உன்னைப் பார்க்கத்தான்..."

பாவம், அவனுக்குத் தெரியாது. அந்த ஒலிபெருக்கியில் பேசுவது கடையில் ஹெட்செட் மாட்டிய அத்தனை பேர் காதிலும் விழும். பொரிக்கும் இடத்திலிருந்து பெரிய உடம்புக்காரர் ஓட்டிஸ் மைக்கில் சொன்னார். "நாங்களும் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்மா. சட்டுனு ஒரு பதில் சொல்லு, உருளைக்கிழங்கு கருகுது."

வெர்னிட்டாவின் காது மடல் சுட்டது. "உன் கடை எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"பத்துக்கு."

"உன்னை யாரு கொண்டுபோய் விடறது?"

"என் பேருக்கு நேரா எழுதினவங்க எல்லாரையும் இங்க கூட்டிட்டு வந்துட்டேன். இனிமே அவங்கவங்க வேலைக்குப் போகணும்ல..."

இந்த மடையனை என்ன செய்வது...

"பத்து மணிக்கு எனக்குப் பத்து நிமிஷம் இடைவேளை. எங்கேயும் போயிடாதே."

பத்து மணிக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். பஸ் நின்றது, லாரி நின்றது, மழைகூட ஒரு கணம் நின்று பார்த்தது. கோழிக் கடை வாசலில் அவன் மேனேஜரம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நீ யாரும்மா? எதுக்கு வந்தே?"

டெல்ராய் வாயைத் திறந்தான். மூன்று வாரமாக மூடாத அந்த வாயை அன்று வெர்னிட்டா முந்திக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை.

"இவரை வேலையில விட வந்தேன். சாயங்காலம் கூட்டிட்டுப் போகவும் நான்தான் வருவேன்... தினமும். நேரத்துக்கு விட்டுடுங்க."